அமெரிக்கப் பாடசாலை ஆண்டு: ஊர் எழுதும் நாட்காட்டி

ஐக்கிய அமெரிக்காவில் பாடசாலைகள் எப்போது ஆரம்பிக்கின்றன என்று யாராவது கேட்டால், "எந்த ஊரில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஜோர்ஜியா, டெனசி போன்ற தென் மாநிலங்களில் பல பாடசாலைகள் ஓகஸ்ட் முதல் வாரத்திலேயே திறந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் நியூயோர்க், நியூ ஜேர்சிப் பிள்ளைகள் இன்னும் கடற்கரையில் இருப்பார்கள். செப்டெம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினம் கழிந்த பிறகுதான் அவர்களில் பெரும்பாலானோருக்கு வகுப்பு. முடிவதும் அப்படித்தான்: தெற்கில் மே மாத இறுதி, வடகிழக்கில் ஜூன் நடுப்பகுதியும் அதற்குப் பின்னும்.

அங்கு குடியேறப்போகும் உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளுக்கு அவ்வப்போது நான் சொல்லிவந்த பதில்களையே இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். மஞ்சள் பஸ், இரும்பு அலுமாரிகள் வரிசையாக நிற்கும் நடைபாதை, ஆண்டிறுதி நடன விருந்து எல்லாவற்றையும் அவர்கள் திரைப்படங்களில் பார்த்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் யார் நடத்துகிறார்கள், யாருடைய பணத்தில் நடத்துகிறார்கள் என்பதுதான் திரைப்படத்தில் வருவதில்லை.

அமெரிக்க அரசியலமைப்பில் 'கல்வி' என்ற சொல்லே இல்லை. சமஷ்டி அரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது 1791இல் சேர்க்கப்பட்ட பத்தாவது திருத்தம். அதன்படி கல்வி மாநிலங்களின் விடயமாயிற்று. மாநிலங்கள் சட்டத்தை வகுத்துவிட்டு, நடத்தும் வேலையைப் 'பாடசாலை மாவட்டம்' எனப்படும் உள்ளூர் அமைப்புகளிடம் விட்டன. இன்று அப்படிச் சுமார் 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம். வேறு இடங்களில் இரண்டு மூன்று பாடசாலைகளைக் கொண்ட மாவட்டங்களும் உண்டு. பெரும்பாலானவற்றை மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் பாடசாலைச் சபை நிர்வகிக்கிறது. கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்தால் நாடு முழுவதும் ஒரே நாளில் தவணை தொடங்கிப் பழகிய எமக்கு இது விளங்கச் சற்று நேரம் எடுக்கும். அங்கே ஒரு மாலை நேரக் கூட்டத்தில் ஐந்து அல்லது ஏழு பேர் கைதூக்கி, அடுத்த ஆண்டு விடுமுறைகளை முடிவுசெய்கிறார்கள். பெற்றோர் ஒலிவாங்கியின் முன் வரிசையில் நின்று எதிர்ப்புச் சொல்வார்கள்.

வொஷிங்டனில் 1980 முதல் ஒரு கல்வித் திணைக்களம் இருக்கிறது. அதை மூடுவதற்கு நடவடிக்கை எடுக்கும்படி ஜனாதிபதி ட்ரம்ப் 2025 மார்ச்சில் ஆணையிட்டபோது, "அப்படியென்றால் பாடசாலைகளும் மூடப்படுமா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அத்திணைக்களம் பாடத்திட்டம் எழுதுவதில்லை, ஆசிரியரை நியமிப்பதில்லை, தவணைத் திகதி குறிப்பதில்லை. வறிய பிள்ளைகளுக்கும் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குமான நிதி, சிவில் உரிமை முறைப்பாடுகள், பல்கலைக்கழக மாணவர் கடன் ஆகியவையே அதன் முக்கிய வேலைகள். வழமையான ஆண்டுகளில் பாடசாலைச் செலவில் சமஷ்டி அரசின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மீதியை மாநிலமும் ஊரும் ஏறத்தாழச் சமமாகப் பகிர்கின்றன.

சோலைவரியும் பிள்ளையின் வகுப்பறையும்

ஊரின் பங்கு பெரும்பாலும் ஆதன வரியிலிருந்து வருகிறது. யாழ்ப்பாணத்தில் சோலைவரி என்கிறோமே, அந்த வகையைச் சேர்ந்தது. தொகைதான் பல மடங்கு பெரியது. வீடுகளின் பெறுமதி உயர்ந்த ஊரில் குறைந்த வீதத்தில் வரி வைத்தாலும் நிறையப் பணம் சேரும். வறிய ஊரில் எவ்வளவு இறுக்கினாலும் சேராது.

இதை எதிர்த்து டெக்சாஸின் சான் அன்ரோனியோ நகரில் டெமெற்றியோ றொட்றிகஸ் என்ற தந்தையும் வேறு சில பெற்றோரும் 1968இல் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களது எட்ஜ்வூட் மாவட்டத்தில் பெரும்பாலானோர் மெக்சிக்க வம்சாவளியினர். அருகிலிருந்த அலமோ ஹைற்ஸ் வசதியான வெள்ளையர் பகுதி. எட்ஜ்வூட் மக்கள் ஒவ்வொரு 100 டொலர் பெறுமதிக்கும் 1.05 டொலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைற்ஸில் 85 சதம்தான். ஆனால் உள்ளூர் வரியிலிருந்து ஒரு மாணவருக்கு மேலதிகமாகக் கிடைத்தது எட்ஜ்வூட்டில் 26 டொலர், அலமோ ஹைற்ஸில் 333 டொலர். மாநில, சமஷ்டி உதவிகளையும் சேர்த்த பிறகுகூட 356க்கு 594 என்ற இடைவெளி இருந்தது. 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி சமஷ்டி அரசியலமைப்பு உறுதிசெய்யும் அடிப்படை உரிமை அல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். 1989இல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம், மாநில அரசியலமைப்பின்படி அந்த நிதிமுறை செல்லாது என்றது. அதன் பிறகு பல மாநிலங்கள் வறிய மாவட்டங்களுக்குக் கூடுதல் நிதி கொடுக்கத் தொடங்கின. ஆனாலும் வீடு தேடுபவர்கள் முதலில் விசாரிப்பது அந்த முகவரிக்குரிய பாடசாலையைப் பற்றித்தான். வீட்டு விலைக்குள்ளேயே பாடசாலையின் விலையும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கக் கல்வி இலவசம் என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓகஸ்டிலிருந்து ஜூன் வரை

பல மாநிலங்களில் ஆண்டுக்கு 180 நாட்கள் பாடசாலை நடக்க வேண்டும். சில மாநிலங்கள் நாட்களுக்குப் பதிலாக மணித்தியாலங்களைக் கணக்கிடுகின்றன. ஐந்து வயதில் தொடங்கும் கிண்டர்கார்டன், அதன் பின் 12 தரங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உயர்நிலைப் பாடசாலை. அரச பாடசாலைகளில் பெரும்பாலானவற்றில் சீருடை கிடையாது.

ஆண்டு தொடங்கும் முன்னரே வீட்டுக்கு ஒரு பட்டியல் வந்துவிடும். கொப்பிகள், பென்சில்கள், வர்ணக் கட்டிகள், வகுப்புக்குப் பொதுவான கை துடைக்கும் தாள்கள்கூட அதில் இருக்கும். பாடநூலைப் பாடசாலை இரவலாகத் தரும், மற்றவை பெற்றோர் பாடு. டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்கள் ஓகஸ்டில் இப்பொருட்களுக்கு விற்பனை வரியை நீக்குகின்றன. ஆசிரியர்களும் சொந்தப் பணத்தைப் போடுகிறார்கள். அது எவ்வளவு வழமையாகிவிட்டது என்றால், வருடத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகைவரை அவ்வாறு செலவிட்டதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சட்டமே இடமளிக்கிறது.

காலையில் பெரும்பாலான வகுப்புகளில் கொடிக்கு விசுவாச உறுதிமொழி சொல்லப்படும். 1892இல் எழுதப்பட்டது, 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் 1954இல் சேர்க்கப்பட்டன. ஆனால் எந்தப் பிள்ளையையும் எழுந்து நின்று சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. உச்ச நீதிமன்றம் இதைத் தீர்ப்பாகச் சொன்னது 1943இல், இரண்டாம் உலகப் போரின் நடுவில் என்பதை நான் எப்போதும் வியப்போடு நினைப்பதுண்டு.

செப்டெம்பர், ஒக்டோபரில் வருவது ஹோம்கமிங். பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் வாரம். வெள்ளி இரவு காற்பந்துப் போட்டி, மறுநாள் நடனம், இடையில் ஊர்வலம், மாணவர்கள் தெரிவுசெய்யும் அரசனும் அரசியும். காற்பந்து என்றால் எங்கள் உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் ஆட்டம். வடக்கின் பெருஞ்சமர் நாட்களில் யாழ்ப்பாணம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டெக்சாஸில் இதற்கென்றே செயற்கைச் செவ்வந்திப் பூவில் ரிப்பன்களும் மணிகளும் தொங்கவிட்டு மாணவிகள் மார்பில் அணிகிறார்கள். சில பூக்கள் முழங்காலுக்குக் கீழேயும் தொங்கும்.

விடுமுறைப் பட்டியலைப் பார்த்தால் ஊரில் யார் வாழ்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நவம்பர் நான்காம் வியாழன் வரும் நன்றி நவிலல் நாளுக்கும் கிறிஸ்மஸுக்கும் எங்கும் விடுமுறை. பென்சில்வேனியாவின் கிராமப்புறங்களில் நன்றி நவிலலுக்கு அடுத்த திங்களும் பாடசாலை இல்லை. நெடுங்காலமாக அதுதான் மான் வேட்டை தொடங்கும் நாளாக இருந்தது. நியூயோர்க் நகரப் பாடசாலைகளில் முஸ்லிம்களின் இரு பெருநாட்களுக்கும் சந்திரப் புத்தாண்டுக்கும் 2015இல் விடுமுறை அறிவிக்கப்பட்டது. தீபாவளிக்கான சட்டத்தில் 2023 நவம்பரில் மாநில ஆளுநர் கையொப்பமிட்டார். தெற்காசியப் பெற்றோர் பல வருடங்கள் கேட்டுப் பெற்ற நாள் அது.

ஆண்டு முழுவதும் ஓடும் இன்னொரு வழக்கமும் உண்டு. தீ ஒத்திகைபோல, துப்பாக்கிதாரி நுழைந்தால் என்ன செய்வது என்ற ஒத்திகை. கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, கிண்டர்கார்டன் பிள்ளைகளும் மூலையில் சத்தமின்றி உட்கார்ந்திருக்கப் பழகுகிறார்கள். 1999இல் கொலம்பைன் படுகொலைக்குப் பிறகு பரவிய வழக்கம் இது. 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டி நகரில் 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது, கல்வியாண்டு முடிய இரண்டு நாட்களே இருந்தன. காலையில் பிள்ளைகள் சிலர் சான்றிதழ் வாங்கிப் பெற்றோருடன் படமும் எடுத்திருந்தார்கள்.

க.பொ.த. போன்ற ஒரே பரீட்சை கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு ஆண்டுகளாகச் சேரும் புள்ளிகளின் சராசரி, ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம், மாணவர் எழுதும் கட்டுரை, விளையாட்டு, தொண்டு எல்லாவற்றையும் பல்கலைக்கழகம் பார்க்கிறது. எஸ்.ஏ.ரி. பரீட்சை 1926 முதல் இருந்தாலும் அதைத் தனியார் அமைப்பொன்றே நடத்துகிறது. கேட்பதும் விடுவதும் பல்கலைக்கழகத்தின் விருப்பம். ஒரே நாளில் தலையெழுத்து மாறாது என்பது நிம்மதிதான். ஆனால் பதினான்கு வயதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு புள்ளியும் எழுதி வைக்கப்படுவதால் அந்த நிம்மதி நீடிப்பதில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் ப்ரொம் எனப்படும் நடன விருந்து. பெண்கள் நீண்ட உடை, ஆண்கள் கோட், வாடகைக் கார். செலவு சில குடும்பங்களைத் திணறடிக்கும். இதற்குள் ஒரு கசப்பான வரலாறும் இருக்கிறது. இனப் பிரிப்பு சட்டவிரோதம் என்று 1954இல் தீர்ப்பு வந்த பிறகும், தென் மாநிலச் சில ஊர்களில் வெள்ளைப் பெற்றோர் தனியார் நிகழ்வு என்ற பெயரில் ப்ரொமைத் தனியாக நடத்தினார்கள். மிசிசிப்பியின் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பு, வெள்ளை மாணவர்கள் சேர்ந்து ஆடிய முதல் ப்ரொம் 2008இல்தான் நடந்தது. செலவை ஏற்றவர் நடிகர் மோர்கன் ப்றீமன். முன்னர் 1997இலும் அவர் முன்வந்திருந்தார், ஊர் ஏற்கவில்லை. 2008இலும் சில பெற்றோர் தனி விருந்தைக் கைவிடவில்லை.

பிறகு பட்டமளிப்பு. அங்கி, தட்டைத் தொப்பி, சான்றிதழ் வாங்கியதும் தொப்பியின் குஞ்சத்தை வலமிருந்து இடத்துக்கு மாற்றுவது. முதலாவதாக வந்த மாணவர் உரையாற்றுவார். குடும்பத்தில் முதன்முதலாக உயர்நிலைப் பாடசாலை முடித்த பிள்ளைக்குப் பாட்டன் பாட்டிவரை வந்து கூச்சலிடுவதை எந்த அதிபராலும் அடக்க முடிந்ததில்லை.

இனிப் பத்து, பதினொரு வாரம் விடுமுறை. பிள்ளைகள் வயலில் வேலை செய்யவேண்டியிருந்ததால் வந்த விடுமுறை இது என்று அமெரிக்கர்களே நம்புகிறார்கள். விதைப்பு வசந்தத்திலும் அறுவடை இலையுதிர்காலத்திலும் அல்லவா? 19ஆம் நூற்றாண்டின் கிராமப் பாடசாலைகள் கோடையிலும் குளிர்காலத்திலும்தான் நடந்தன. நகரப் பாடசாலைகள் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் திறந்திருந்தன. நகரத்து வெக்கை, வசதியானவர்கள் ஊரைவிட்டுக் குளிர்ந்த இடங்களுக்குப் போனது, ஓய்வில்லாத படிப்பு மூளையைக் கெடுக்கும் என்ற அக்கால எண்ணம், கிராமத்தையும் நகரத்தையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவரும் முயற்சி எல்லாம் சேர்ந்தே இந்த நீண்ட விடுமுறையை உருவாக்கின.

வசதியுள்ள பிள்ளைக்கு அது நீச்சல், முகாம், பயணம். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாடசாலையில் இலவச மதிய உணவு உண்ணும் பிள்ளைக்கு, சாப்பாடு நிற்கும் காலம். 2024 முதல் அத்தகைய ஒரு பிள்ளைக்குக் கோடைக்கென 120 டொலர் உணவு உதவி கொடுக்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. சில மாநிலங்கள் அதில் சேர மறுத்துவிட்டன.

பிள்ளையோடு அங்கு போகிறவர்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முன்னைய பாடசாலை அறிக்கைகள், அந்த ஊரில் வசிப்பதற்கான ஆதாரமாக வாடகை ஒப்பந்தம் அல்லது மின்கட்டணப் பட்டியல். விசா நிலை எதுவானாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. 1982இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. ஆங்கிலம் தெரியாத பிள்ளையை வகுப்பில் சும்மா உட்காரவைக்கவும் முடியாது. சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடர்ந்த வழக்கில் 1974இல் வந்த தீர்ப்பு அது. பதிவுப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்பார்கள். பிள்ளைக்குப் பாதகமாகிவிடும் என்று பயந்து சிலர் 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். மேலதிக ஆங்கில உதவி தேவையா என்று பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பது அந்தப் பதிலை வைத்துத்தான்.