இறைவரியும் குடியாட்சியும்: மலைநாட்டுத் தேயிலை உணர்த்தும் பாடம்

அரசு பொருளீட்டும் வழி, அதன் ஆட்சிமுறையையும் பெரிதும் வகுக்கின்றது என்பர் அறிஞர். 1215ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் ஜோன் மகாசாசனத்துக்கு இணங்கியமைக்கும், பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் கிளர்ந்தெழுந்தமைக்கும் வரிப்பூசல் முக்கிய காரணமாயிற்று. குடிகளிடம் நேரே வரி பெறும் அரசு அவர்தம் கேள்விக்கு விடையிறுத்தல் வேண்டும். எண்ணெய் வளத்தால் வாழும் சவூதி அரேபியா போன்ற அரசுகளுக்கு அந்நிர்ப்பந்தம் குறைவு. நோர்வேயிலோ, எண்ணெய் கிடைக்குமுன்னரே குடியாட்சி வேரூன்றியிருந்தமையால் அது நிலைபெற்றது.

இலங்கையின் வரலாறு இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்தூராவிலே தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயால் அழிந்தபின் நுவரெலியா, ஹற்றன் மலைகளெங்கும் தேயிலை பரவிற்று. சுங்கத் தீர்வைகள் அரசிறையின் பெருந்தூணாயின. சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. வருமான வரியோ 1932இலேதான் வந்தது. எனவே வாக்காளருட் பெரும்பாலோர் நேர்வரி செலுத்தாமலே வாக்குரிமை பெற்றனர். 1945இல் தொடங்கிய இலவசக் கல்விக்கும் அரிசி மானியத்துக்கும் ஏற்றுமதிப் பயிர்கள் ஈட்டிய பொருள் பெரிதும் உதவிற்று.

அப்பொருளை விளைவித்தோர் நிலை யாது? தேயிலையின் விலையை உலகச் சந்தை நிர்ணயித்தமையால், ஏற்றுமதித் தீர்வையைக் கொள்வோர்மேல் ஏற்றுதல் எளிதன்று. அதன் சுமை தோட்ட வருவாயையும், அதன் வழியே கூலியையும் அழுத்திற்று. வருமான வரி செலுத்தாத தொழிலாளியும் இவ்வாறு மறைமுகமாய் வரி செலுத்தினான்.

ஆயினும் அவன் குரல் நிலைக்கவில்லை. கட்டுப்பாடுகளுடன் வாக்குரிமை வழங்கப்பட்ட 1931இல் ஹற்றன் தொகுதியின் உறுப்பினரான பெரி. சுந்தரம் அமைச்சருமானார். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வுரிமையைப் பறித்தன. 1952இல் மலைநாட்டுத் தமிழருள் ஒருவரேனும் தெரிவு செய்யப்படவில்லை. வாக்கு மறைந்தது, தீர்வையோ மறையவில்லை.

1964ஆம் ஆண்டு உடன்படிக்கை அம்மக்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 1977இல் சௌ. தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தார். எஞ்சியோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

வரி கொடுப்போர்க்கு உரிமை தானே வந்தெய்தும் என்னும் கொள்கை இங்குப் பொய்த்தது. எவ்வழியாற் பொருள் வருகின்றது என்பதோடு, எவரைக் குடியென அரசு எண்ணுகின்றது என்பதையும் சேர்த்து நோக்கினாலன்றிக் குடியாட்சியின் இயல்பு விளங்காது.