உச்சி வரை போய் ரிவர்ஸில் இறங்கிய ரோலர் கோஸ்டர்... விபத்தா, அறிவியலா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில் 2005-ல் திறக்கப்பட்டது 'கிங்டா கா' ரோலர் கோஸ்டர். உயரம் 139 மீட்டர். உலகின் மிக உயரமான ரோலர் கோஸ்டர் என்ற பெயரோடு ஓடிய இது, 2024-ல் மூடப்பட்டு, 2025 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

இதில் அவ்வப்போது ஒரு விஷயம் நடக்கும். செங்குத்தாக ஏறும் ரயில், உச்சிக்கு கொஞ்சம் முன்னாடி அப்படியே நின்று, வந்த வழியிலேயே பின்னோக்கி இறங்கும். பார்க்கிறவங்களுக்கு பகீர்னு இருக்கும். ஆனால், இது விபத்து இல்லை. இதற்குப் பெயர் 'ரோல்பேக்'.

ஊஞ்சல் சொல்லும் கணக்கு

பார்க்கில் ஊஞ்சல் ஆடும் குழந்தையை கவனியுங்க. கீழே வரும்போது வேகம் அதிகம். மேலே போய்த் திரும்பும் நொடியில் வேகம் பூஜ்ஜியம். வேகத்தால் கிடைப்பது இயக்க ஆற்றல். உயரத்தால் சேர்வது நிலை ஆற்றல். மேலே போகப் போக முதலாவது குறைந்து, இரண்டாவது கூடும்.

கிங்டா கா-விலும் இதே கதைதான். ஹைட்ராலிக் மோட்டார் ரயிலை 3.5 விநாடியில் மணிக்கு 206 கி.மீ. வேகத்துக்கு இழுத்துவிடும். அதற்குப் பிறகு தள்ளிவிட எந்த இன்ஜினும் கிடையாது. கையில் இருக்கும் இயக்க ஆற்றலை வைத்துத்தான் மேலே ஏற வேண்டும்.

20 கி.மீ. குறைந்தால்?

206 கி.மீ. வேகத்தில் இருக்கும் ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால், ரயில் சுமார் 167 மீட்டர் ஏறலாம். கூடுதலாக இருக்கும் 28 மீட்டருக்கான ஆற்றல்தான், உராய்வும் காற்றின் தடையும் தின்னும் இழப்பை ஈடுகட்டும் கையிருப்பு.

வேகம் 10 சதவீதம் குறைந்தால், அதாவது 185 கி.மீ. ஆனால், எட்டக்கூடிய உயரம் 135 மீட்டர்தான். உராய்வே இல்லாவிட்டாலும் உச்சியைத் தாண்ட முடியாது! வேகம் 10 சதவீதம் குறையும்போது ஆற்றல் 19 சதவீதம் குறைவதே காரணம்.

இறங்கும்போது ஆபத்து இல்லையா?

இறங்கும் ரயிலின் நிலை ஆற்றல் மறுபடியும் வேகமாக மாறும். அதனால்தான் புறப்படும் பாதையிலேயே காந்த பிரேக்குகள் வைக்கப்பட்டிருந்தன. ரயில் கடந்து போனதும் அவை மேலே எழுந்து தயாராக நிற்கும். திரும்பி வரும் ரயிலின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றி, வேகத்தைக் குறைக்கும்.

ரயில் உச்சியைத் தாண்டாத நாளும் வரும் என்று கணக்கு போட்டே அதை வடிவமைத்திருந்தார்கள்.