உழவு யந்திரத்துக்கு ஓர் உரைகல்

எந்த டிராக்டர் நீடித்து உழைக்கும், எது எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும் என்ற வினாக்களுக்கு விற்பவர் சொல்லே விடையாக இருந்த காலம் ஒன்று உண்டு. முதல் உலகப் போரையொட்டி அமெரிக்காவில் டிராக்டர்கள் பெருகின, விளம்பரங்களும் பெருகின. நெப்ராஸ்கா மாநிலத்து உழவரான வில்மட் குரோசியர் அவற்றை நம்பி வாங்கி ஏமாந்தார். சட்டசபை உறுப்பினராகிய அவரது முயற்சியால் 1919-இல் ஒரு சட்டம் பிறந்தது. மாநிலப் பல்கலைக்கழகம் சோதித்துப் பாராத டிராக்டர் வகையை அங்கு விற்கலாகாது என்றது அச்சட்டம். மாற்று உறுப்புகளை மாநிலத்துக்குள்ளேயே இருப்பு வைத்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. 1920-இல் வாட்டர்லூ பாய் என்னும் டிராக்டர் முதலாவதாகத் தேறியது.

மணிக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. சிறிய யந்திரம் குறைவாகவே குடிக்கும். வேலையும் குறைவாகவே செய்யும். ஆகவே, ஒரு காலன் எண்ணெய்க்குக் கிடைத்த வேலை எவ்வளவு என்று நெப்ராஸ்காவில் அளந்தனர். அதுவே நேரிய ஒப்பீடு.

தில்லியிலிருந்து போபால் வழியே சென்னை செல்லும் ரயில், நருமதையைக் கடக்குமுன் புத்னி என்னும் சிற்றூரைத் தாண்டுகிறது. 1955-இல் அங்கு அமைந்த மத்திய அரசு நிலையத்தில் 1959 முதல் டிராக்டர்கள் சோதிக்கப்படுகின்றன. 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது. பிற நிறுவனங்களும் பெருகின. வாங்குவோர்க்குத் தேர்வும் கடினமாயிற்று.

சொந்த ஊரில் உற்றார் நிலத்தை ஈடு வைத்து டிராக்டர் வாங்க எண்ணினால், புத்னியின் சோதனை அறிக்கையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கடனை அடைக்கப்போவது விளைச்சலே, விளம்பரம் அன்று.