சர்வோதய சிரமதான இயக்கம்

சர்வோதய சிரமதான இயக்கம் என்பது இலங்கையில் கிராம மக்களின் சொந்த உழைப்பையும் வளங்களையும் கொண்டு தன்னிறைவுக் கிராமங்களை உருவாக்கும் நோக்குடன் 1958 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தன்னார்வ இயக்கமாகும். இதனைத் தோற்றுவித்தவர் ஏ. டி. ஆரியரத்ன (நவம்பர் 5, 1931 – ஏப்ரல் 16, 2024) ஆவார். இதன் தலைமையகம் மொறட்டுவையில் அமைந்துள்ளது. இவ்வியக்கத்தின் பணிகள் இலங்கையின் ஏறத்தாழ 15,000 கிராமங்களைச் சென்றடைந்துள்ளன.

பெயர்

சர்வோதயம் என்ற சொல் "சர்வ" (அனைத்தும், அனைவரும்), "உதயம்" (எழுச்சி) ஆகிய இரு வடசொற்களின் சேர்க்கையாகும். ஜான் ரஸ்கினின் நூலொன்றைக் குஜராத்தி மொழியில் தழுவி எழுதிய மகாத்மா காந்தி, 1908 இல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். காந்திக்குப் பின் வினோபா பாவேயின் பூதான, கிராமதான இயக்கங்கள் இச்சொல்லைப் பரவலாக்கின. இந்தியாவில் இது "அனைவரின் நலம்" என்று பொருள் கொள்ளப்பட்டது. இலங்கை இயக்கமோ பௌத்த சிந்தனையின் வழியில் இதனை "அனைவரின் விழிப்பு" என விளக்கியது. சிரமதானம் என்பது உழைப்பைக் கொடையாக அளித்தல் ஆகும். பூதானத்தில் நிலம் உடையவர் மட்டுமே கொடுக்க இயலும். சிரமதானத்தில் நிலமற்றவரும் கொடையாளர் ஆகலாம்.

வரலாறு

கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆரியரத்ன, 1958 இல் தம் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் குருநாகல் மாவட்டத்தின் கனதொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அது சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சிற்றூராகும். மாணவர்கள் அம்மக்களோடு தங்கி, உண்டு, உழைத்தனர். இதுவே முதலாவது சிரமதான முகாம் ஆகும். இதனைப் பின்பற்றிப் பிற பாடசாலைகளும் முகாம்களை நடத்தின.

காந்தி நூற்றாண்டை (1969) ஒட்டி 100 கிராமங்களை மேம்படுத்தும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. இதன் மூலம், விடுமுறைக் கால முகாம்களாக இருந்த பணி தொடர்ச்சியான கிராம வளர்ச்சிப் பணியாக மாறியது. 1972 இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியாக இவ்வமைப்பு சட்டபூர்வமான கூட்டுறுதன்மை பெற்றது.

சிரமதான முகாம்

முகாமில் செய்யப்படும் வேலையைக் கிராம மக்களே தெரிவு செய்வர். பாதை அமைத்தல், கிணறு வெட்டுதல், குளம் தூர்வாருதல், வாய்க்கால் திருத்துதல், மலசலகூடம் கட்டுதல் முதலியன இவற்றுள் அடங்கும். முகாமில் நடைபெறும் "குடும்பக் கூடல்" என்னும் கூட்டத்தில் சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் கூடி ஊரின் தேவைகளைப் பேசுவர். உறவுமுறை சொல்லியே ஒருவரையொருவர் அழைப்பர். பாதையை மக்கள் அமைக்கையில், அப்பாதை மக்களை அமைக்கிறது என்பது இயக்கத்தின் அடிப்படைக் கருத்தாகும்.

பொருளுதவியும் சிறு அளவில் தொடங்குவதே வழக்கம். ஒவ்வொரு வீட்டினரும் ஒரு தீப்பெட்டி அளவு அரிசியை ஒதுக்கி, ஊர்க் குழந்தைகளின் பொதுச் சமையலுக்கு அளிக்கும் முறை இதற்கு எடுத்துக்காட்டாகும். மிக வறிய குடும்பமும் கொடுக்கக்கூடிய அளவு என்பதே இதன் சிறப்பு.

கிராம வளர்ச்சியின் ஐந்து படிகள்

1. சிரமதான முகாம் வழியாக மக்களிடையே தன்னம்பிக்கையும் ஒற்றுமையும் ஏற்படுத்துதல்.
2. சிறுவர், இளைஞர், தாய்மார், உழவர், முதியோர் குழுக்களை அமைத்துப் பயிற்சி அளித்தல்.
3. கிராமச் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்து அடிப்படைத் தேவைகளை நிறைவேற்றுதல்.
4. சேமிப்பு, கடன், தொழில் ஆகியவற்றின் மூலம் வருவாயைப் பெருக்கித் தன்னிறைவு அடைதல்.
5. மிகுதியான வளத்தையும் அனுபவத்தையும் அயற்கிராமங்களுடன் பகிர்தல்.

இவற்றுள் மூன்றாம் படி முதன்மையானது. பதிவு பெற்ற சங்கம் தன் பெயரில் கணக்கு வைத்திருக்கவும் கடன் வழங்கவும் இயலும் என்பதால், தலைமையகத்தை எதிர்பாராமல் இயங்கும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கிறது.

பத்து அடிப்படைத் தேவைகள்

தூய சுற்றுச்சூழல், நீர், உடை, சமச்சீர் உணவு, எளிய வீடு, மருத்துவ வசதி, தொடர்பாடல் வசதி, எரிபொருள், கல்வி, ஆன்மிக-பண்பாட்டுத் தேவை ஆகிய பத்தும் ஒரு மனிதருக்கு இன்றியமையாதவை என இயக்கம் வரையறுத்தது. வறுமையற்றதும் செல்வக் குவிப்பற்றதுமான சமூகமே இதன் குறிக்கோளாகும். மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு பௌத்தப் பண்புகள் தனிமனித விழிப்புக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

இனப்பிரச்சினையும் இயக்கமும்

பெரும்பாலும் சிங்களப் பௌத்தர் நடுவே வளர்ந்த இவ்வியக்கம் வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும் இயங்கியது. 1983 கறுப்பு யூலை வன்முறையின்போது பாதிக்கப்பட்ட தமிழருக்கு உதவிகள் வழங்கியது. அவ்வாண்டின் இறுதியில் கதிர்காமத்திலிருந்து நயினாதீவு நோக்கி அமைதி நடைப்பயணம் ஒன்று தொடங்கப்பட்டது. எனினும் குடியரசுத் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்தனாவின் வேண்டுகோளை அடுத்து அது தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. 2002 மார்ச்சில் அனுராதபுரத்தில் பெருந்திரளான மக்கள் கலந்துகொண்ட அமைதித் தியானம் நடத்தப்பட்டது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின், களுத்துறை மாவட்டத்தின் லகோஸ்வத்தையில் வீடிழந்தோருக்காக 55 வீடுகள் கொண்ட சூழலியல் கிராமம் ஒன்றை இயக்கம் அமைத்தது.

நெருக்கடிகளும் விமர்சனங்களும்

1970கள் முதல் வெளிநாட்டு நிதியுதவி பெருகியதால் இயக்கம் விரைவாக வளர்ந்தது; ஊதியம் பெறும் பணியாளர் எண்ணிக்கையும் கூடியது. கொடை நிறுவனங்கள் கணக்குக்கு உட்படும் விளைவுகளையும் குறித்த கால இலக்குகளையும் எதிர்பார்த்தன. இயக்கமோ மனமாற்றத்தை முதன்மையாகக் கருதியது. ரணசிங்க பிரேமதாசாவின் ஆட்சிக் காலத்தில் அரச சார்பற்ற நிறுவனங்கள் குறித்து அமைக்கப்பட்ட ஆணைக்குழு இவ்வியக்கத்தையும் விசாரித்தது. 1990களில் வெளிநாட்டு நிதி குறைந்தபோது பணிகளும் பணியாளர்களும் குறைக்கப்பட்டனர். தன்னிறைவைப் போதித்த அமைப்பு தானே பிறர் நிதியைச் சார்ந்திருந்தமை அப்போது வெளிப்பட்டது. கிராமச் சங்கங்களின் சேமிப்பு, கடன் திட்டங்களுக்குக் கூடுதல் முக்கியத்துவம் அளிக்கப்பட்டது இதன் விளைவுகளுள் ஒன்றாகும்.

பழங்காலக் கிராமத்தைச் சமத்துவமும் ஒற்றுமையும் நிறைந்ததாக இவ்வியக்கம் கற்பனை செய்கிறது என மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகரவும் பௌத்தவியல் அறிஞர் ரிச்சர்ட் கோம்பிரிச்சும் 1988 இல் வெளியான தமது நூலில் விமர்சித்தனர். சாதி, நில உடைமை ஆகியவற்றால் பிளவுபட்ட ஊரில் பொது உழைப்பின் பயன் அனைவருக்கும் சமமாகச் சேர்வதில்லை. வெட்டப்படும் வாய்க்கால் நிலம் உள்ளவருக்கே கூடுதலாகப் பயன்படும் என்பது இத்தகைய முயற்சிகள் அனைத்தும் எதிர்கொள்ளும் வினாவாகும்.

விருதுகள்

ஆரியரத்னவுக்கு 1969 இல் ரமோன் மக்சேசே விருதும், 1992 இல் நிவானோ அமைதிப் பரிசும், 1996 இல் இந்திய அரசின் காந்தி அமைதிப் பரிசும், 2007 இல் இலங்கையின் மிக உயர்ந்த குடிமை விருதான ஸ்ரீலங்காபிமான்யவும் வழங்கப்பட்டன.