தசாவதாரமும் கூர்ப்புக் கொள்கையும்

நமது புத்தளக் கரையின் அருவக்காட்டிலே சீமெந்துக்கு வெட்டப்படும் சுண்ணாம்புக்கல், 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கடலடியிற் படிந்தது. அக்காலக் கடற்பிராணிகளின் சுவடுகள் அதிலுண்டு. இதனையும் கூர்ப்பையும் பள்ளியிற் கற்கும் பிள்ளை, மாலையிலே கோயிலில் புராணம் கேட்கிறது. இரண்டும் பொருந்துமோ என்று அது வினவினால், "மச்சம், கூர்மம், வராகம் என்று நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனரே!" என்பதே நாம் வழக்கமாகத் தரும் விடை.

இவ்விடை அத்துணைப் பழையதன்று. டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல். அவதார வரிசையைக் கூர்ப்புடன் ஒப்பிட்டுப் பிரம்மஞான சபைப் பிளவாட்ஸ்கி அம்மையார் எழுதியது 1877இல். அவதாரமாவது இறைவன் அருளால் இறங்கி வருதல். கூர்ப்போ, சந்ததிதோறும் தோன்றும் சிறு வேறுபாடுகளிற் சூழலுக்கு இசைந்தவை பெருகி, காலப்போக்கில் இனமே மாறுதல். ஆமை பன்றியாயிற்று என்று புராணமும் சொல்லவில்லை, விஞ்ஞானமும் சொல்லவில்லை.

சுவாமி விவேகானந்தர் வேறு வழி கண்டார். 1896இல் வெளியான 'இராஜயோக'த்தில் பதஞ்சலியின் உவமையை விளக்கினார்: உழவன் மடையைத் திறக்கிறான், நீர் தானே பாய்கிறது, உயிரின் நிறைவும் அவ்வாறே உள்ளிருந்து வெளிப்படும். கூர்ப்பை அவர் தள்ளவில்லை. போட்டியே மனிதனை உயர்த்தும் என்பதையே மறுத்தார். ஆயினும் அது வேதாந்தம். பரீட்சைத் தாளில் எழுதினால் புள்ளி கிடையாது!

நம்மவர் கூர்ப்பை எதிர்ப்பதில்லை என்று பெருமை கொள்வதும் இனிச் செல்லாது. 2018 ஜனவரியில் இந்திய மத்திய அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனானதை எவரும் கண்டதில்லை என்று டார்வினை மறுத்தார். 2023இல் அந்நாட்டுப் பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்து கூர்ப்புப் பகுதி நீக்கப்பட்டபோது, 1,800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு ஆட்சேபித்தனர். பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் உண்டென்று சமாதானம் கூறப்பட்டது. பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைகளோ ஏராளம்.