சில்லு பாடிய கதை

ஒரு பாட்டை நண்பருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு. பாடியதை ஒலிப்பதிவு செய்து அனுப்பலாம். அல்லது, அதன் ஸ்வரங்களைத் தாளில் எழுதி அனுப்பலாம். இரண்டாவது வழிக்கு ஒரு தாளே போதும். ஆனால் பெறுபவரிடம் வாத்தியம் இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று இணையத்தில் ஏராளமான மின்னணு இசைத் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன அல்லவா? அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

1982-இல் அமெரிக்காவின் கமோடோர் நிறுவனம் 'கமோடோர் 64' என்ற வீட்டுக் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் நினைவகம் 64 கிலோபைட் மட்டுமே. பதிவு செய்த பாட்டுக்கு அதில் இடமேது? ஆனால், ராபர்ட் யானஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த 'சிட்' என்னும் ஒலிச் சில்லு அதனுள் இருந்தது. முக்கோண அலை, ரம்பப்பல் அலை, துடிப்பு அலை, இரைச்சல் ஆகிய நால்வகை ஒலிகளைக் கொண்டு அது ஒரே சமயத்தில் மூன்று குரல்களை எழுப்பும். எந்த ஒலி, எந்தச் சுருதி, எவ்வளவு நேரம் என்ற கட்டளைகள் போதும், சில்லே வாத்தியமாகிவிடும்.

மூன்றே குரல்களில் மெட்டு, தாளம், பக்க இசை எல்லாம் அடங்குமா? இங்கே ஓர் உபாயம் கைகொடுத்தது. ஒரே குரலை இரண்டு மூன்று ஸ்வரங்களுக்கிடையே மிக வேகமாக மாற்றிக்கொண்டே இருந்தால், அவை சேர்ந்து ஒலிப்பதாகவே காது கொள்ளும். தனித்தனிப் படங்கள் சினிமாவில் அசைவாகத் தெரிவதைப் போன்றதே இது. பிரிட்டனில் ராப் ஹப்பார்டு, மார்ட்டின் கால்வே போன்றோர் இச்சில்லுக்கென்றே விளையாட்டு இசை அமைத்துப் புகழ் பெற்றார்கள்.

அடுத்து 1985-இல் வந்தது 'அமிகா' கணிப்பொறி. பதிவு செய்த ஒலித்துண்டுகளை நான்கு தடங்களில் அது இசைத்தது. 1987-இல் ஜெர்மனியின் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி 'அல்டிமேட் சவுண்டுடிராக்கர்' என்ற நிரலை அதற்காக எழுதினார். அதிலிருந்து பிறந்ததே 'மாட்' என்ற கோப்பு வகை. மசாலாப் பொடியும் சமையல் குறிப்பும் ஒரே பொட்டலத்தில் இருப்பதுபோல, ஒலித்துண்டுகளும் ஸ்வரக் குறிப்பும் அதில் சேர்ந்தே இருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். குறிப்பின் ஒரு பக்கத்தில் 64 வரிகள். வரிக்கு 4 தடங்கள். தடத்துக்கு 4 பைட். ஆக மொத்தம் 1,024 பைட். குறுந்தட்டின் தரத்தில் பதிவு செய்தாலோ, ஒரு விநாடிக்கே 1,76,400 பைட் வேண்டும்! அமிகாவின் 880 கிலோபைட் வட்டில் அப்படிப்பட்ட இசை ஐந்து விநாடிதான் அடங்கும். மாட் கோப்புகளோ பல அடங்கும்.

இதனால் விளைந்தவை இரண்டு. ஒன்று, ஐரோப்பிய இளைஞர்கள் இசையை வட்டுகளில் அஞ்சல்வழி பரிமாறிக்கொண்டார்கள். மற்றொன்று, கோப்பைத் திறந்தவர் எவரும் ஸ்வரங்களைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிந்தது. பாட்டோடு வித்தையும் இலவசமாகப் போய்ச் சேர்ந்தது!

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பிறருடைய இசைத்தட்டுகளிலிருந்து அனுமதியின்றி எடுத்த துண்டுகளும் இக்கோப்புகளில் கலந்தன. இலவசம் என்றால் உரிமையாளர் இல்லை என்று பொருளல்ல. படைத்தவரே இன்னின்ன செய்யலாம் என்று அறிவிக்க உதவும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்கள் 2002-இல் வந்தன.

1996-இல் 'மாட் ஆர்க்கைவ்' என்ற இணையக் காப்பகம் தோன்றியது. 1999-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'எயிட்பிட்பீப்பிள்ஸ்' சில்லு இசைத் தொகுப்புகளை இலவசமாக வழங்கியது. அப்போது கணிப்பொறிகளில் இடப் பஞ்சம் தீர்ந்திருந்தது. ஆயினும், 1989-இல் வந்த 'கேம்பாய்' விளையாட்டுக் கருவியில்கூட இசை அமைக்கப் பலர் விரும்பினார்கள். கட்டாயமாக இருந்த எல்லை, விரும்பி ஏற்ற இலக்கணமாயிற்று.

பழைய சில்லுகள் பழுதாகி வருகின்றன. எனினும் குறிப்புகள் நம்மிடம் இருப்பதால், சில்லைப்போலவே நடந்துகொள்ளும் நிரல்களைக் கொண்டு அந்த இசையை எழுப்ப முடிகிறது. நீங்களும் ஒரு மாட் கோப்பை இறக்கி, இலவச நிரல் ஒன்றில் திறந்து பாருங்கள். முதலில் உரிமத்தைப் படியுங்கள். பிறகு ஸ்வரங்கள் ஓடுவதைக் கவனியுங்கள். காதோடு கண்ணும் கற்கும்.