ரேந்தையும் மேசும்

இலங்கைத் தமிழர் காலுறையை ‘மேசு’ என்பர். ஆடை விளிம்பில் வைத்துத் தைக்கும் துளைப் பின்னலை ‘ரேந்தை’ என்பர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பாட்டிமார் நாவில் இயல்பாக வழங்கிய இவ்விரு சொற்களும் தமிழிற் பிறந்தவை அல்ல. போர்த்துக்கேய மொழியின் ‘மெயா’, ‘ரெந்தா’ என்பனவே இங்ஙனம் உருமாறின.

1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் 1656 இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி அகன்றது, சப்பாத்து, லேஞ்சி, மேசு, ரேந்தை என்னும் சொற்கள் அகலவில்லை. சிங்கள மக்களும் காலுறையை ‘மேஸ்’ என்றே வழங்குகின்றனர். காலி, வெலிகமைப் பகுதிகளில் பெண்கள் சிறு மரக்குச்சிகளில் நூலைச் சுற்றி ரேந்தை பின்னுவர். அத்தொழிலுக்குரிய ‘பீரலு’ என்ற பெயரும் ‘பில்ரோ’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்ததே. படைகொண்டு நாட்டைப் பிடித்த தளபதிகளின் பெயர்களை வரலாறு எழுதிவைத்தது. ஊசியும் நூலும் கொண்டு இக்கலையைத் தமதாக்கிய பெண்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை.

இது எளிய வேலையன்று. நெசவில் பாவும் ஊடையும் குறுக்கிடும். காலுறைப் பின்னலிலோ ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாகப் புகுந்து செல்லும். அதில் ரேந்தைக் கோலம் வேண்டின், நூலை ஊசியின்மீது ஒருமுறை சுற்றித் துளை ஆக்குவர். அதனால் ஒரு கண்ணி மிகும். இரு கண்ணிகளை ஒன்றாகப் பின்னி அம்மிகையைக் கழிப்பர். வடக்கயிறு போன்ற முறுக்குக் கோலத்துக்கோ, சில கண்ணிகளைத் துணையூசியில் நிறுத்திவிட்டு, பிந்தியவற்றை முந்திப் பின்னுவர். ரேந்தை நெகிழ்த்தும், முறுக்கு இறுக்கும். இரண்டையும் ஒரே காலுறையில் அமைக்கும்போது ஒரு கண்ணி தவறினும் கோலம் சாய்ந்துவிடும். முதற் காலுறை முடிந்தபின், அதே கணக்கில் அதன் இணையையும் பின்னவேண்டும்.

1589 இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். கைப்பின்னலாற் பிழைப்போர் நலிவுறுவர் என அஞ்சி, எலிசபெத் அரசியார் அதற்குத் தனியுரிமை வழங்க மறுத்தார் என்பர். ஏழையரின் உணவு அந்த ஊசிமுனையில் இருந்தது.

பெண்களின் கைவேலையைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் நாகர்கோவிலின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். இலண்டன் மிஷனைச் சேர்ந்த மோல்ட் பாதிரியாருடன் 1819 இல் அங்கு வந்த அவர்தம் மனைவி மார்த்தா அம்மையார், பெண்பள்ளி நடத்தி ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். அடிமைக் குடிகளிற் பிறந்த சிறுமியரும் அங்குப் பயின்றனர். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855 இல். அதற்கு முன்னரே, பின்னலால் ஈட்டிய பொருளைக் கொடுத்து விடுதலை பெற்றோர் அவருள் உளர். அவர்க்கு அந்நூல் அணிகலன் அன்று. விலங்கை அறுத்த வாள்.

வெள்ளவத்தையில் பேரொலியுடன் இயங்கிய நூற்பு நெசவாலையும் மறைந்தது. அந்நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. பெரிய ஆலைக்கே அந்நிலை எனின், வீட்டு மூலையிற் பின்னிய ஒருவரை யார் நினைப்பார்? பழைய பெட்டியில் ஒரு ரேந்தைத் துண்டோ, கையாற் பின்னிய ஓரிணை மேசோ இருப்பின், பின்னியவர் பெயரை ஒரு தாளில் எழுதி உடன் வைத்தல் தகும். அவ்வொரு வரியும் வரலாறே.